சுடுதண்ணிப் போத்தலை வாங்கி வை

ஸ்காபரோ, ரொறன்ரோ
15 ஏப்ரல் 1997, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகள் சுகிர்தாவுக்கு,

நான் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நித்திரை கொண்டு சுகமாக இருக்க வேண்டுமென்று காலையில் விளக்கு வைக்கும்போதும் கேட்கிறேன், பிறகு பஸ்ஸுக்கு நிற்கும்போதும் கேட்கிறேன். தபாலில் போட்டால் நீ அந்த ஊரைவிட்டுப் போன பிறகுதான் வந்து சேரும் என்பதால் இதை இரத்தினவேலின் கடையில் கொடுத்து ஃபக்ஸில் அனுப்புகிறேன். இரத்தினவேலை உனக்குத் தெரியும், எந்தக் கடதாசியையும் ஒருமுறை வாசிக்காமல் மெஷினுக்குள் விடமாட்டார். உன்னுடைய விடுதியின் இலக்கத்துக்கு ஃபக்ஸ் போகுமோ என்று போன கிழமை கேட்கப் போனபோது, ஐயா, பிள்ளை போன இடத்திலை எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ என்றார். ஒருவரும் இல்லை என்றேன். அப்ப என்னத்துக்குப் போனவ என்றார். ஆறு பார்க்கப் போனாள் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, பால்மா ஒரு ரின்னை எடுத்து விலையைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதையும் அவர் வாசிப்பார், வாசிக்கட்டும். எங்கள் எழுத்தில் எது தலை எது கால் என்று விடுதிக்காரருக்குத் தெரியாது, அதனால் ஒவ்வொரு தாளின் மேல்பக்கத்திலும் ஓர் அம்புக்குறி போட்டு இலக்கமும் இட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை பின்னேரம் நீ ரெலிபோனில் சொன்னதையெல்லாம், கந்தோரில் வேலை பார்த்த பழக்கத்தில், ஒன்றன்பின் ஒன்றாக மனதுக்குள் அடுக்கி வைத்திருக்கிறேன். சொங்சிங் என்ற அந்தப் பெரிய சீன நகரம் முழுவதும் மலையும் படிகளுமாக இருக்கிறது என்றாய், ராக்ஸிக்காரன் றோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான் என்றாய். மூங்கில் தடியோடு வந்த ஒரு மனிதன் நீ கேட்காமலே உன் பெட்டியைத் தடியில் கொழுவிக்கொண்டு படியிறங்க, களவெடுக்கிறான் என்று நினைத்து நீ பின்னாலே ஓடினாயாம், அவன் விடுதி வாசலில் பெட்டியை வைத்துவிட்டு உன்னைப் பார்த்துச் சிரித்தானாம். அதைச் சொல்லும்போது நீயும் சிரித்தாய், அந்தச் சிரிப்போடு ரெலிபோனை வைத்திருந்தால் நான் நிம்மதியாகப் படுத்திருப்பேன். அதன் பிறகு சொன்னதுதான் என்னை வருத்துகிறது. மறுநாள் ஆற்றைத் தேடிப் போனாய், கப்பல் ஊதுகிற சத்தம் கேட்கிறது, பனிப்புகாருக்குள் ஆறு தெரியவில்லை, எந்தப் படியால் இறங்கினாலும் அந்த மிளகாய்ச் சந்தைக்கே திரும்பி வந்தாய். கடையில் ஒரு சிவப்புக் கறிச் சட்டியைக் கொதிக்கக் கொதிக்க முன்னால் வைத்தார்கள், ஒரு வாயிலேயே நாக்கு மரத்துப்போயிற்று. எதிர் வாங்கில் இருந்த பெண் உன் பின்னலைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தன் ஆட்களுக்கும் காட்டினாள். அதற்கு அடுத்த நாள் ஆற்றுக்கு மேலே கம்பியில் ஓடுகிற பெட்டியில் போகலாம் என்று வரிசையில் நின்றாய், உன் முறை வந்ததும் பின்னால் நின்றவரை முன்னே விட்டுவிட்டு அறைக்குத் திரும்பிவிட்டாய். அதற்குப் பிறகு அறைதான், இங்கேயிருந்து கொண்டுபோன பிஸ்கட்தான். கடைசியில், அப்பா, இஞ்சை என்ரை முகத்தைப் பாக்கிற ஒரு ஆள் இல்லை, நீங்கள் வா எண்டு சொல்லுங்கோ, நான் வாறன் என்றாய்.

நான் யோசித்து எழுதுகிறேன் என்று சொன்னேன். வேறொரு தகப்பன் என்றால் அந்த இடத்திலேயே ஒரு முடிவு சொல்லியிருப்பான். உனக்கு இருபத்தொன்பது வயது, பாங்கில் உன்னுடைய பிரிவையே நீ நடத்துகிறாய், ஐந்து கிழமை லீவெடுத்துத் தனியாகப் போகிறேன் என்று நீ வந்து சொன்னபோது, நான் கேட்டது கொண்டுபோகிற குளிருடுப்பு காணுமோ என்பது மட்டும்தான். அண்ணன் கிருபனோ அன்றைக்கும் துள்ளினான், இன்றைக்கும் துள்ளுகிறான். நீ திரும்பி வருகிற விமான ரிக்கற்றை முன்னுக்கு மாற்றுவதென்றால் ஏஜென்சிக்காரன் புதன்கிழமை வரைக்கும்தான் பார்ப்பானாம். அவளுக்கு உங்கட சொல்லுத்தான் காதிலை ஏறும், வா எண்ட ஒரு சொல்லு, ரெண்டு எழுத்துக்கூட இல்லை, அதைச் சொல்லுறதுக்கு உங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்கிறான்.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நீ போன நாளிலிருந்து நான் அரிசி போடுவது இன்னும் இரண்டு பேருக்குத்தான், அளவைக் குறைத்தால் ஏதோ செய்யக்கூடாததைச் செய்வதுபோல இருக்கிறது, மிஞ்சியதை மறுநாள் சாப்பிடுகிறேன். பகலில் நூல்நிலையம், பிறகு ரேடியோ, ரேடியோவில் மரண அறிவித்தல் வாசிக்கும்போது ஊர்ப் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ வேலையால் வருகிற நேரத்துக்கு லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்கிற சத்தம் கேட்டால் கை தானாகப் போய் அடுப்பைக் குறைக்கிறது. அம்மா இருந்த காலத்தில் வீட்டில் கதைப்பதற்கு ஆள் தேவையென்று நான் நினைத்ததேயில்லை, அவவே இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைத்தவ. ஆனபடியால் வா என்று எழுதினால் அது உனக்காகவோ எனக்காகவோ என்று எனக்கே தெரியவில்லை. இதில்தான் ஞாயிறு காலைவரை தடுமாறிக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னவற்றுள் ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. காலையும் மாலையும் நீலச் சட்டை போட்ட ஒரு பெண் கதவைத் தட்டி எங்கள் வீட்டுச் சுடுதண்ணிப் போத்தல்போல ஒரு ஃபிளாஸ்கை நீட்டுகிறாள், நீ வேண்டாம் என்று கையைக் காட்டிக் கதவைச் சாத்துகிறாய், முதல் நாள் சிரித்தவள் இப்போது போத்தலை வாசலில் வைத்துவிட்டு உன்னை நிமிர்ந்து பாராமல் போகிறாள் என்றாய். அந்தப் போத்தலில் என்ன இருக்கிறது, ஏன் அப்படி விடாமல் கொண்டு வருகிறாள்? யாரைக் கேட்கலாம் என்று யோசித்தபோது லிஃப்டுக்குப் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவரும் மனைவியும்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். மூன்று வருடமாக லிஃப்டில் தலையை ஆட்டியதைத் தவிர அவர்களோடு ஒரு சொல் பேசியதில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்து, நல்ல சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு போய்த் தட்டினேன். உள்ளே காலடி கேட்டது, கதவிலுள்ள கண்ணாடியால் பார்ப்பதும் தெரிந்தது, கதவு திறக்கவில்லை. சரி, போவோம் என்று திரும்பிவிட்டேன், அப்போது திறந்தார். நான் வாயைத் திறக்க முதலே அவர் கையைக் கூப்பாத குறையாக, மீன் பொரிச்சது, மணம் வந்திருக்கும், மன்னிக்க வேணும், இனி ஜன்னலைத் திறக்கிறோம் என்கிறார். சுகிர்தா, கறி மணம் அவர்களுக்குப் போகக்கூடாதென்று நீயும் நானும் வாசற்கதவின் அடியில் துவாய் சுருட்டி வைக்கிறோமே, அவர்களுடைய வாசலிலும் ஒரு துவாய் சுருட்டிக் கிடந்தது. நான் அதைக் காட்டிச் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் துவாய் இருக்கிறது என்றேன். அவர் அதை மனைவிக்குச் சீனத்தில் சொல்ல, அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் நான் வந்த காரியத்தையே மறந்துபோனேன்.

பெயர் மிஸ்டர் லியாங். உள்ளே கூப்பிட்டு இருத்தினார்கள். நான் நீ போனதையும் போத்தலையும் பற்றிச் சொன்னேன், அவருடைய ஆங்கிலமும் என்னுடைய பயமும் சேர்ந்து கொஞ்சம் நேரம் எடுத்தது. அந்தப் போத்தலில் கொதித்த தண்ணீர், அங்கே பச்சைத் தண்ணீரை ஒருவரும் குடிப்பதில்லை, விடுதிக்கு வருகிற எல்லோருக்கும் கொடுப்பார்கள், அந்த மாடிக்குப் பொறுப்பான பெண் அவளாக இருப்பாள் என்றார். அவர் மனைவி இடையில் ஏதோ கேட்டார். லியாங் எனக்குச் சொல்லத் தயங்கினார், நான் வற்புறுத்தியதும் சொன்னார்: உன் மகளுக்கு அந்தப் பிள்ளையில் என்ன கோபம் என்று இவள் கேட்கிறாள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதற்குள் அந்த அம்மா மூடி போட்ட கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டார். தேத்தண்ணி என்று நினைத்துத் திறந்தேன், வெறும் சுடுதண்ணீர். ஊதி ஊதிக் குடித்து முடித்தேன், இரண்டாம் தரமும் ஊற்றினார்கள், அதையும் குடித்தேன்.

நீ சின்னப் பிள்ளையாக இங்கே வந்தவள், எங்கள் ஆட்களுடைய சில விஷயங்கள் உனக்குத் தெரிய நியாயமில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனவர் கொடுத்த தண்ணீரைத் தொடாமல் எழும்பினால் அது பேசிய பேச்சைவிடப் பெரிது. உன் பெரியமாமா ஒருநாள் வேலிப் பிரச்சினை கதைக்க வந்து, அம்மா கொண்டுவந்து வைத்த செம்பை அப்படியே விட்டுவிட்டுப் போனார், வாயால் ஒரு கெட்ட சொல்லும் சொல்லவில்லை, ஆனால் அதன் பிறகு எங்கள் கலியாணம் காட்சி ஒன்றுக்கும் அவரும் வரவில்லை, நாங்களும் போகவில்லை. இதெல்லாம் தெரிந்த நானே உன்னை விமான நிலையத்தில் நிறுத்தி வைத்து, மூடி உடைக்காத போத்தல் தண்ணியைத் தவிர ஒன்றையும் குடிக்காதே, ஆர் தட்டினாலும் கதவைத் திறக்காதே, ஒருவர் கையாலும் ஒன்றும் வாங்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினேன். நீ ஒரு சொல் தவறாமல் கேட்டிருக்கிறாய். அந்த ஊரில் உன் முகத்தைப் பார்க்க ஒருத்தி நாளுக்கு இரண்டு தரம் உன் வாசலுக்கு வந்திருக்கிறாள், என்னுடைய சொல்லைக் கேட்டு நீ அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். நான் இப்படி நினைப்பதும் பிழையாக இருக்கலாம், அவள் வெறுமனே தன் வேலையைத்தான் செய்கிறாளோ தெரியாது. ஆனாலும் அடுத்த முறை தட்டும்போது கதவை அகலத் திறந்து இரண்டு கையாலும் போத்தலை வாங்கி வை. பிஸ்கட் இருந்தால் ஒரு பக்கற்றை உடைத்து நீட்டிப் பார், எடுத்தால் எடுக்கட்டும். ஆற்றுக்கு எந்தப் படியால் போவது என்று கையாலே கேட்டால் அவளுக்கு விளங்கும் என்று லியாங் சொல்கிறார். கேட்கும்போது இரண்டு கையையும் தண்ணீர் ஓடுவதுபோல அசைத்துக் காட்ட வேண்டுமாம், எனக்கும் செய்து காட்டினார், இந்த வயதில் இரண்டு பேரும் கதிரையில் இருந்து ஆறு ஓட்டிக்கொண்டிருந்தோம்.

நேற்று வருடப்பிறப்பு. கிருபன் பிக்கரிங்கிலிருந்து வந்து என்னை றிச்மண்ட் ஹில் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான், போகும் வழியெல்லாம் இதே கதைதான், நாளையண்டைக்குக் கடைசி நாள், ஏஜென்சிக்காரனுக்கு என்ன சொல்லுறது என்று. மாற்ற வேண்டாம் என்று சொன்னேன். அவன் கோவிலுக்குத் திரும்புகிற இடத்தைத் தவறவிட்டு நேரே போய்விட்டான். கொஞ்சத் தூரம் போய்க் காரை ஓரமாக நிறுத்தி, நீங்களோ அப்பா இதைச் சொல்லுறியள் என்றான். நான்தான் சொல்கிறேன், மாற்ற வேண்டாம் என்று இன்னொரு தரமும் சொன்னேன். கோவிலில் நான் உனக்கு அர்ச்சனை செய்துகொண்டு நிற்கும்போது அவன் வெளியே போய் ஏஜென்சிக்காரனுக்கு ரெலிபோன் எடுத்துவிட்டான். ஆகவே ரிக்கற் பழையபடிதான் இருக்கிறது, நீ ஆற்றில் கப்பலேறிப் போவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

இதை வாசித்து உனக்கு என்னில் கோபம் வரலாம். வா என்று சொன்னால் வருவேன் என்று சொன்ன பிள்ளைக்கு வராதே என்று எழுத நான் யார் என்றும் தோன்றுகிறது. நான் வராதே என்று சொல்லவில்லை, மகள். போத்தலை வாங்கி, ஆற்றையும் ஒருமுறை பார்த்த பிறகும் உனக்கு மனம் கொள்ளாவிட்டால் ஒரு சொல் சொல்லு, புது ரிக்கற் எடுத்தாவது கூப்பிடுவேன், ஏன் என்று கேட்கமாட்டேன், கிருபனையும் கேட்கவிடமாட்டேன். எனக்குத் துணை இல்லை என்பதற்காக மட்டும் நீ திரும்பி வந்தாய் என்று பிறகு ஒருநாள் நான் நினைக்கக்கூடாது, அதைத் தாங்க என்னால் முடியாது.

படிகளில் கைபிடியைப் பிடித்து இறங்கு, புகாரில் கல் வழுக்கும். பாஸ்போட்டை உடம்போடு வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை உன் ரெலிபோனுக்கு வீட்டிலேயே இருப்பேன். போகிற பாதையெல்லாம் உனக்கு நல்ல முகங்கள் எதிர்ப்பட வேண்டுமென்று பிள்ளையாரை வேண்டுகிறேன், அம்மாவின் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு.

உன் வரவைப் பார்த்துக்கொண்டும் அதை அவசரப்படுத்தாமலும் இருக்கிற,
அப்பா