திருவந்திபுரத்தில் போட்ட உப்பு மிளகு

வியாழன், ராத்திரி.

கடலூர்ல காட்டினா யாராவது பாத்துடுவாங்கன்னு, சிதம்பரம் போய் லேடி டாக்டர்கிட்ட காட்டினேன். அந்த இடத்துல நாலஞ்சு பரு. வலியே இல்ல. சூட்டுக் கொப்புளம்னு ரெண்டு மாசமா மஞ்சள் பூசிக்கிட்டு இருந்தேன்.

டாக்டர் பாத்ததுமே சொல்லிட்டாங்க. "இது பிறப்புறுப்புல வர்ற மரு. வைரஸ். உறவு வெச்சுக்கும்போது தோலோட தோல் பட்டு ஒட்டிக்கும். மருந்து வெச்சா போயிடும். வீட்டுக்காரரையும் காட்டச் சொல்லும்மா."

"அவரு சிங்கப்பூர் திரும்பிப் போயி எட்டு மாசம் ஆவுதே டாக்டர்."

"ஆவட்டும். இது மாசக்கணக்கா, வருஷக்கணக்கா வெளிய தெரியாமலே இருக்கும். யாருகிட்டேர்ந்து எப்போ வந்துச்சுன்னு சொல்ல முடியாது."

பஸ்ஸுல வழி நெடுக அதே நெனப்பு. எனக்கு அவரைத் தவிர வேற யாரும் கெடையாது. சாயந்திரம் அவரு போன் பண்ணினாரு. தலைவலின்னு சொல்லி போனை வெச்சுட்டேன்.

போன தடவை ஊருக்கு வந்தப்போ அவருதான் சொன்னாரு. "எனக்கு உடம்புல மரு வந்திருக்கு, திருவந்திபுரம் கோயில்ல எனக்காக வேண்டிக்கிட்டு உப்பு மிளகு போட்டுட்டு வந்துடு." என் கையாலதான் போட்டேன், மனசார வேண்டிக்கிட்டு.

உடம்புல எங்கேன்னு அன்னைக்கு நான் கேக்கவே இல்ல.