நாலு வீடு, எட்டு வாசல்

என் மாரித்தாய்க்கு, போன இடத்திலிருந்தும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கும் என் கண்ணுக்கு,

கட்டிவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் "பெறவு என்னாச்சு, பெறவு என்னாச்சு" என்று நீ பறப்பாய். நாலு வீடு, முப்பத்திரண்டு பிள்ளைகள். கதவு மாட்டி, வெள்ளையடித்து, சாவியைக் கொடுத்துவிட்டுப் போன வாரம்தான் சிவகாசி வந்து இறங்கினோம்.

எந்த ஊரில் என்று சொன்னால் நம்ப மாட்டாய். ஆப்பிரிக்காவில், உகாண்டாவில். சென்னையில் கட்டட வரைபடம் போடும் வேலைக்குப் போனாளே நம் கயல், அவள் சென்னையிலேயே ஒரு தொண்டுக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு வீடு கட்டித் தருகிறவர்கள். "அப்பா, உகாண்டாவுல கொத்தனார் வேணுமாம். வாரீகளா?" என்று போனில் கேட்டாள். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடந்த நேரம். லோடு ஏற்றும் வேலை இல்லாமல் நம் மகன் பாண்டியும் சும்மா இருந்தான். மூன்று பேரும் கிளம்பிவிட்டோம்.

ஏன் கிளம்பினேன் என்று உனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் அநாத விடுதியில வளந்தவ. ஊருக்கெல்லாம் கட்டுறீக. என்னய மாதிரிப் பிள்ளைகளுக்கு ஒரு வீடு கட்டிக் குடுத்துருங்க" என்றாய். நான் தலையை ஆட்டினேன். ஆட்டியதோடு சரி, நீ போய் நாலு வருசம் ஓடிவிட்டது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றாமலே நானும் போய்விடுவேனோ என்று பயமாக இருந்தது, மாரி.

அங்கே போனதும் ஆரம்பமே கோணல். பிள்ளைகள் எல்லாரும் ஒரு பழைய பள்ளிக்கூடக் கொட்டகையில் படுத்துக் கிடந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்வது ரோஸ் என்று ஒரு அம்மா, என் வயது இருக்கும். அவர் ஆங்கிலத்தில் சொல்லுவார், கயல் எனக்குத் தமிழில் சொல்லுவாள். ஒன்றரை ஏக்கர் செம்மண் பூமி. நாலு வீட்டையும் எங்கெங்கே வைப்பது என்பதை என்னிடமே விட்டுவிட்டார்கள்.

என் கைதான் உனக்குத் தெரியுமே. முப்பத்தைந்து வருசமாக நாரணாபுரம் பக்கம் பட்டாசு மருந்து ரூம் கட்டிய கை. ஒரு ரூமில் தீப்பிடித்தால் அடுத்த ரூமுக்குத் தாவக்கூடாது என்று தள்ளித் தள்ளிக் கட்டியே பழகிவிட்டது. யோசிக்கவே இல்லை. நாலு மூலைக்கு நாலு வீடாக முளைக்குச்சி அடித்து, அளவு நூலும் கட்டிவிட்டு, நல்ல வேலை செய்த திருப்தியில் போய்ச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் முளைக்குச்சிகள் ஒன்றுகூட வைத்த இடத்தில் இல்லை. எல்லாவற்றையும் பிடுங்கி, நடுவில் கொண்டுவந்து நெருக்கி நெருக்கி ஊன்றியிருக்கிறது. "எவம்லே பிடுங்குனது?" என்று நான் போட்ட சத்தத்தில் மேய்ந்துகொண்டிருந்த மாடு மிரண்டு ஓடியது. பிள்ளைகள் கொட்டகைக்குள் ஓடி ஒளிந்துகொண்டார்கள். மறுபடியும் அளந்து அடித்தேன். அடுத்த நாளும் அதே கதை. மூன்றாம் நாளும் அப்படியே கிடக்கவும் நேராக ரோஸ் அம்மாவிடம் போய் நின்றேன்.

அவர் நிதானமாக ஏதோ சொன்னார். கயல் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்பா, கோவிச்சுக்கிறாதீக. 'நீங்க பட்டாசு ஊர்க்காரகன்னு ஒங்க மக சொன்னா. அதுக்காக எங்க பிள்ளைகளையும் வெடின்னு நெனச்சுட்டீகளா, இம்புட்டு தள்ளித் தள்ளி வைக்கிறீக'ன்னு கேக்காக" என்றாள். பாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்திருப்பேன். ஆனால் ரோஸ் அம்மா இன்னும் முடிக்கவில்லை. "பெத்தவகள விட்டுப் பிரிஞ்ச பிள்ளைக. இப்பத்தான் ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடக்குக. இப்படிப் பிரிச்சுக் கட்டுனா நாங்க குடிவர மாட்டோம்னு சொல்லிருச்சுகளாம்ப்பா" என்றாள் கயல்.

செங்கல் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமான புதிதில் நீ சொல்லியிருக்கிறாய். விடுதியில் பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் பிள்ளையின் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டால்தான் உனக்குத் தூக்கம் வருமாம். நான் கேலி செய்து சிரித்தேன். சிரித்ததோடு மறந்தும் போனேன். உன் பெயரைச் சொல்லி வீடு கட்டப் போனவன் மருந்து ரூம் கட்டப் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பிள்ளைகள் முன்னால் அழுதும்விட்டேன்.

அன்றைக்கே நூலை அவிழ்த்தேன். பிள்ளைகளையே கூப்பிட்டு முளையைப் பிடிக்கச் சொல்லி நான் அடித்தேன். நாலு வீடும் ஒரே வரிசை, சுவரோடு சுவர், முன்னால் நெடுக ஒரே தாழ்வாரம். அதன்பிறகு ஒரு குச்சி அசையவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அங்கிருந்த இன்ஜினியர் தம்பி வீட்டுக்கு ஒரு கதவு போதும், உள்பக்கம் திறந்தால் போதும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ரெண்டும் வெளியே பார்த்துத் திறக்க வேண்டும் என்றேன். "இது குடியிருக்குற வீடுதானே, எதுக்கு?" என்று அவர் கேட்க, ரெண்டு நாள் கதவு நிலை வைக்க விடாமல் மறித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் உன் கதையைச் சொன்னேன். நீ வேலை பார்த்த பட்டாசு ரூமில் முன்வாசலில் தீப்பிடித்த அன்று, பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாயே, அதை.

கயல் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இடையில் பாண்டி புகுந்து, "ஏக்கா, நான் அதுக்கு மறுவருசம் பெறந்தவன். அந்தக் கதவு தெறக்கலேன்னா நான் இங்கன நின்னு மண்ணு சுமக்க மாட்டேன்னு அவர்ட்ட சொல்லு" என்றான். அந்தத் தம்பி எழுந்து நேராகத் தச்சரிடம் போனார்.

குடிபுகுந்த அன்று நீ இருந்திருக்க வேண்டும், மாரி. அந்தப் பிள்ளைகளை வீட்டுக்குள் ஒரு நிமிசம் நிற்க வைக்க முடியவில்லை. முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் ஓடி, சுற்றி வந்து அடுத்த வீட்டில் நுழைந்து, கத்திக் கூப்பாடு போட்டார்கள்; அதட்டி அதட்டி ரோஸ் அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. நீ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாய். இதுகள் வெறும் விளையாட்டுக்கு ஓடுகின்றன. இதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்?

ஆடிக் களைத்து மதியம் படுத்தார்கள். முதல் வீட்டில் ஒரு பிள்ளை சுவரைத் தட்டியது. அடுத்த வீட்டிலிருந்து பதிலுக்குத் தட்டினார்கள். அங்கிருந்து அடுத்த வீடு, அப்புறம் கடைசி வீடு. நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு வீடாகச் சத்தம் அடங்கியது. முப்பத்திரண்டும் தூங்கிவிட்டன. நாம் ஜெயித்துவிட்டோம் என்று வாய்விட்டே சொன்னேன். உனக்குக் கேட்டதா?

அடுத்த தீபாவளி கழிந்ததும் இன்னொரு ஊருக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று பேரும் போகிறோம். இந்தத் தடவை இறங்கியதும் நூலைக் கையில் எடுக்க மாட்டேன். அங்கே படுக்கப்போகிற பிள்ளைகளை உட்கார வைத்து, யார் பக்கத்தில் யார் படுப்பீர்கள் என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்பேன். கேட்டு முடித்த பிறகுதான் முதல் முளையை அடிப்பேன். இது உன்மேல் சத்தியம்.

நீ உயிரோடு இருந்தபோது சொன்னதைக் காதில் வாங்காமல், இப்போது வாங்கிக்கொண்ட

உன் வீட்டுக்காரன்,
சுப்பையா