நூற்றாண்டு விழா முடிந்த மறுநாள்

நைனார்பாளையம்,
24-12-1999

அன்பு மகள் அம்சவள்ளிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை சின்னராசுவும் நலமாக இருக்க அய்யனாரை வேண்டுகிறேன். மாப்பிள்ளை என்று எழுத இப்போதுதான் கை பழகுகிறது. உன் மாமியார் காசியம்மாளைச் சின்னசேலம் சந்தையில் பார்த்தேன். காலனியில் அவர்கள் வீட்டை நம் ஆட்கள் பிரித்துப் போட்டபின் சின்னசேலத்தில்தான் இருக்கிறாள். உனக்கு ஐந்தாம் மாதம் என்றாள். சந்தை என்றும் பாராமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நேற்று பள்ளிக்கூடத்தில் இருபதாம் நூற்றாண்டு நிறைவு விழா. உங்கப்பாதான் தலைமை. பெரியம்மை ஒழிந்தது, மனிதன் சந்திரனில் நடந்தான், பெண்ணுக்குச் சொத்துரிமை வந்தது, தீண்டாமை குற்றமானது என்று அருமையாகப் பேசினார். இரண்டு பெரிய போர்களையும் சொன்னார், அதெல்லாம் வேறு யாரோ செய்தது போல. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, ஒன்றரை வருடமாக வாயில் எடுக்காத உன் பேரைச் சொன்னார். "மன்னிச்சாச்சு. பொங்கலுக்கு ரெண்டு பேரும் வரட்டும்" என்றார். அழுதுவிட்டேன்.

பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். கொட்டகைக்குப் பின்னால் உன் சித்தப்பா செல்லமுத்து உங்கப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஆத்தூர் தாண்டினதும் காரை மலை ரோட்டுல திருப்பிக்கலாம்ணே." நம் ஊருக்கு வர மலை ரோடு எதற்கு அம்சா? உன் தம்பி தங்கமணி மட்டும், "அக்கா மாசமா இருக்குதாமே" என்றான். உங்கப்பா அவனை உள்ளே போகச் சொன்னார்.

மேடையில் அவர் பொய் பேசவில்லை. அதையும் நம்புகிறார், இதையும் செய்வார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் விலாசம் அவர்களுக்கு எப்படியோ கிடைத்துவிட்டது. புத்தாண்டு கழிந்ததும் சித்தப்பா தாம்பூலத் தட்டோடு வருவார். அழுவார்கூட. கதவைத் திறக்காதே. அதற்குள் திருப்பூரை விட்டே போய்விடுங்கள். எங்கே என்று எனக்கும் எழுத வேண்டாம். கேட்டால் எத்தனை நாள் சொல்லாமல் இருப்பேனோ, எனக்கே தெரியவில்லை. இதைக் காசியம்மாளிடம்தான் கொடுத்தனுப்புகிறேன்.

நல்லபடியாகப் பிள்ளை பிறக்கட்டும். அதற்கு இந்த ஊர்ப் பேரைச் சொல்லித் தராதே. அம்மாவுக்குப் பேரப்பிள்ளையைப் பார்க்க ஆசையே இல்லை என்று நினைத்துக்கொள், தாயே. வராதே.

உன் அம்மா
கொளஞ்சியம்மாள்