பதினொரு மணித் தண்ணீர்

பதினொரு மணிக்கு இப்போது நம் பள்ளிக்கூடத்தில் தண்ணீருக்கென்றே ஒரு மணி அடிக்கிறது. பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு, பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடிக்கிறார்கள். நானும் குடிக்கிறேன். இரண்டு மிடறு இறங்குவதற்குள் உன் ஞாபகம் வந்துவிடுகிறது.

நீ இருந்தால் சிரித்திருப்பாய். நான் மாற்றலாகி இங்கே வந்த முதல் வாரம், புதுக்கோட்டை பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைத்து நீ எடுத்த பாடமே வேறு. "காலையில ஒரு டம்ளரோட நிறுத்திக்கங்கக்கா. மிச்சத்த சாயங்காலம் வீட்டுக்குப் போயி சேத்துக் குடிச்சுக்கலாம்." பள்ளிக்குப் பின்னால் இருந்த ஒற்றைக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். அதற்குத் தாகமே தேவலை என்று நாம் இரண்டு டீச்சர்களும் இந்த அன்னவாசல் வெயிலில் பதினெட்டு வருஷம் ஓட்டினோம். நீர்க்கடுப்பு வந்தால் உனக்குப் பார்லிக் கஞ்சி, மறுபடி வந்தால் மறுபடி பார்லி. சிறுநீர்ப்பையில் கல் இருக்கிறது என்று ஒருமுறை ஸ்கேனில் சொன்னார்கள். வாழைத்தண்டுச் சாற்றில் கரைந்துவிட்டது என்று நீயே முடிவு கட்டிக்கொண்டாய்.

அந்த விஷயத்தையும் பஸ்ஸில்தான் சொன்னாய். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, நின்னு போயி எட்டு மாசமாச்சு, இப்ப மறுபடி லேசாப் படுதுக்கா" என்றாய். நான் உன்னைவிட நான்கு வயது மூத்தவள், அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தவள். எல்லாம் தெரிந்தவள் மாதிரி பதில் சொன்னேன். "நிக்கிற நேரம் அப்படித்தான்டி, வரும் போகும். எனக்கும் இருந்துச்சு." நீ நிம்மதியாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். ரத்தம் எங்கிருந்து வருகிறது, நீர் பிரியும்போது மட்டுமா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உனக்குத் தெரிந்திருக்காது. குனிந்து பார்ப்பதற்குக்கூட நமக்கு வெட்கம்.

ஐந்து மாதம் கழித்து, வலி தாங்காமல்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கர்ப்பப்பையில் ஒன்றுமில்லை என்ற டாக்டரம்மா, சிறுநீர்ப்பையைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று தஞ்சாவூருக்கு அனுப்பினார். அங்கே சதையை எடுத்துச் சோதித்ததில் ஸ்குவாமஸ் வகைப் புற்று என்று வந்தது. அந்த இடத்தில் இந்த வகை வருவது அபூர்வம், நாள்பட்ட கல்லும் கிருமியும் காரணமாக இருக்கலாம், அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வெளியே வந்ததும் நீ சொன்னாய்: "அபூர்வமாம்க்கா. ஜவுளிக்கடைக் குலுக்கல்ல கூட எம்பேரு வந்ததில்ல."

சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டு, சிறுநீர் வந்து சேர வயிற்றில் ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். அதோடு ஒரு பருவம் முழுக்க வேலைக்கு வந்தாய். பஸ்ஸில் ஒரு லிட்டர் பாட்டிலை என் கண் முன்னாலேயே காலி செய்து, "இனிமே எனக்கு நீங்க காவல் நிக்க வேணாம்க்கா" என்றாய். அங்கே சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் அழுதேன். தை மாதம் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. பங்குனியில் நீ இல்லை.

கடைசியாகப் பார்த்தபோது, "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன். நீ கையைப் பிடித்துக்கொண்டாய். "விடுங்கக்கா. நீங்க சொன்னப்ப எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு." எனக்கு ஆறவில்லை. நீ திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது அந்தக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, தண்ணீரும் வருகிறது. போன மாதம் அதன் பக்கத்துக் குழாயடியில் சத்துணவு சமைக்கும் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "நிக்கிற வயசுல்ல டீச்சர், கண்டமேனிக்குப் படுது" என்றாள். அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல என் வாய் திறந்தேவிட்டது. மூடிக்கொண்டேன்.

"எப்பப் படுது? ஒண்ணுக்குப் போறப்பவா?"

தேய்ப்பதை நிறுத்தினாள். "அப்படிப் பாத்ததில்லையே டீச்சர்."

"இன்னைக்குப் பாரும்மா. வெக்கப்படாமப் பாரு. காலையில எங்கிட்டச் சொல்லு."

மறுநாள் காலை வாசலிலேயே நின்றிருந்தாள். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் நீ உட்காரும் ஜன்னலோரத்தில் அவளை உட்கார வைத்து, அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.