பலாச்சுளை ஒளிச்சு வெச்ச அப்பாவுக்கு

ஏனுங்க, மலர்க்கொடியைக் காலேஜ் பஸ்சுல ஏத்திவிடப் போறேன். சோறும் கீரையும் மூடி வெச்சிருக்கேன்.

"பொட்டப்புள்ளைக்கு டாப்சிலிப்புக் காட்டுல கூடாரமா?"ன்னு நாலு நாளா அவகூடப் பேசாத மனுசன், அவ பைக்குள்ள தூக்குப்போசி நெறையப் பலாச்சுளையை ஒளிச்சு வெச்சிருக்கீங்க! காலையில நீங்க பழம் அரிஞ்சதைப் பக்கத்தூட்டுச் சாந்தாமணி சன்னல்ல பாத்துப்போட்டா. நாங்க ரெண்டு பேரும் சிரிச்சதுல வயிறே வலிச்சுப்போச்சு. பலா வாசத்துக்கு யானை கூடாரத்துக்கே வந்துருமுங்க. எடுத்து அலமாரியில வெச்சுட்டேன், நீங்களே தின்னுங்க.

யார் வெச்சதுன்னு மட்டும் மலர்க்கொடிகிட்டச் சொல்லிப்போட்டேன். கோவிச்சுக்காதீங்க, என் வாய் நிக்காதுன்னு தெரியுமில்ல.

– சரசு

அப்புறம், பஸ் மூணு மணிக்குத்தான் எடுப்பாங்க. அது தெரிஞ்சதுல இருந்து, "அப்பா வருவாராம்மா?"ன்னு ரெண்டு வாட்டி கேட்டுட்டா. சைக்கிள்ல பத்தே நிமிசந்தானுங்க. சோறு திரும்பி வந்து தின்னுக்கலாம்.