வானத்தைப் பாக்கி வைத்துப் போன நைனாவுக்கு

டிக்கெட் கிழித்த விரலாலேயே எனக்குத் தலை பின்னிவிட்ட என் தங்க நைனாவுக்கு,

வீட்டு நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ நடுநடுவே கேள்வி கேட்டு என்னை எழுத விடமாட்டாய். தண்ணீர் ஒழுங்காக வருகிறது. பக்கத்து லாட்ஜுக்கு வருகிறவர்கள் இன்னும் நம் வாசலை அடைத்துத்தான் கார் நிறுத்துகிறார்கள். வெளியே வந்து விசில் ஊத நீ இல்லை என்று தெரிந்துபோய், இப்போது வேனும் நிறுத்துகிறார்கள். எனக்கு ஸ்ரீ சிட்டியில் அதே கம்பெனி, அதே வேலை. பெல்ட்டில் வரும் பிளாஸ்டிக் மூடிகளில் சரியாகப் பொருந்தாததைப் பொறுக்கித் தனியே போடுகிறேன்.

சாப்பாட்டு மேசை மட்டும் நீ போன பிறகும் வெகுநாள் உன் வசமே இருந்தது. நீ பாதி கோத்துவிட்டுப் போன படம் அப்படியே கிடந்தது. பனிமலை முடிந்திருந்தது, ஏரி முடிந்திருந்தது, படகுகூட முடிந்திருந்தது. மேல் மூலையில் கொஞ்சம் தவிர வானம் முழுக்கப் பாக்கி. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஏன் நைனா, போகிற மனிதன் வானத்தையாவது முடித்துவிட்டுப் போகக் கூடாதா?

இந்த அட்டைத்துண்டு வியாதி நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்று யார் கேட்டாலும் அம்மா ஒரே பெயரைத்தான் சொல்வாள். ஏகாம்பரம். நீ கண்டக்டராக இருந்த பஸ்ஸுக்கு டிரைவர். சித்தூருக்கும் சென்னைக்கும் நடுவில் நீங்கள் இருவரும் சண்டை போடாத ஸ்டாப்பிங்கே கிடையாது என்பார்கள். ரிட்டையர் ஆனதும் அவர் மகனோடு டொராண்டோவுக்குப் போனார். அங்கே வெளியே பனி, உள்ளே யாரும் இல்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா ஒருத்தி பரிதாபப்பட்டு ஒரு டப்பாவைக் கொடுத்திருக்கிறாள். ஒரு படத்தை ஆயிரம் துண்டாக வெட்டிப் போட்டிருக்கும், அதைத் திரும்ப ஒன்றாகக் கோக்க வேண்டும். “நல்லா இருந்த படத்த இன்னாத்துக்கு வெட்னானுங்க?” என்று அம்மா அன்றைக்கே கேட்டாள்.

கோத்து முடித்ததும் கலைத்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும், பதிலுக்கு வேறு டப்பா வர வேண்டும். இது நீங்கள் போட்ட சட்டம். தபாலில் அனுப்பினால் கட்டுப்படியாகாது. ஆனால் நாம் இருப்பது திருச்சானூரில் அல்லவா? உலகத்தின் எந்த மூலையில் இருக்கிறவனும் என்றைக்காவது மொட்டை போட மலைக்கு வந்தாக வேண்டும். மலைக்கு வந்தவன் தாயாரைச் சேவிக்க இங்கே இறங்கியாக வேண்டும். அவன் பெட்டியில் ஒரு டப்பாவுக்கா இடம் இருக்காது? மஸ்கட்டில் இருக்கும் உன் சிநேகிதர் நசீர் பாய்கூட இந்த வழியில்தான் அனுப்புவார். “உங்க சாமிதான் நமக்கு கூரியரு” என்று அவர் சொன்னதை நீ தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

டப்பா ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியும். சாயங்காலமானால் ஏகாம்பரம் மாமா போன் செய்வார். அவருக்கு அது காலைக் காபி நேரம். “இன்னாடா துன்ன?” என்று அவர் ஆரம்பிப்பார். நீ தின்றது, அவர் தின்றது, யாருக்கு வாயு, எவன் செத்தான், எவன் மகள் எங்கே ஓடினாள், வானத்தை முதலில் கோப்பதா கடைசியில் கோப்பதா என்று அது பாட்டுக்குப் போகும். அம்மா அடுப்படியில் இருந்தே, “ரெண்டு சோம்பேறிங்களும் ஆரம்பிச்சுட்டானுங்க” என்பாள். அம்மா உன்னைக் கூப்பிட்ட பெயர்களில் மரியாதையானது அந்தச் சோம்பேறிதான். பாக்கியை நான் எழுதினால் நன்றாக இருக்காது.

மார்வலி என்று சொன்ன அன்றே நீ போய்விட்டாய். அம்மா மாரில் அடித்துக்கொண்டு ஊரைக் கூட்டுவாள் என்று எல்லாரும் தயாராக வந்தார்கள். அம்மா அழவில்லை. கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு மேசைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். யாரையும் படத்தைத் தொட விடவில்லை, தானும் தொடவில்லை. கேட்டால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான்.

ஒருநாள் காய்கறி வண்டிக்காரன் சொத்தைக் கத்திரிக்காயாகப் பார்த்துப் போட்டான் நைனா. அம்மா பேசாமல் வாங்கி வந்தாள். நம்ப முடிகிறதா? அந்த வண்டிக்காரனே பயந்துபோய், “பெத்தம்மாக்கு ஒண்டிக்கி சரியில்லயா?” என்று அம்மாவின் உடம்பைப் பற்றி என்னிடம் விசாரித்தான். அம்மாவின் வாய் ஓய்ந்து நான் பார்த்ததே இல்லை. நீ போனதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இவளும் இப்படியே ஊமையாகி, மேசையைப் பார்த்தபடியே உன் பின்னால் வந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? சாயங்காலம் ஏகாம்பரம் மாமா போன் செய்தால், “அம்மா பேசற மாதிரி இல்ல மாமா” என்று மட்டும் சொல்வேன். அவர் சரி பாப்பா என்று வைத்துவிடுவார்.

அப்போதுதான் அடுத்த டப்பா வந்தது. நீ இருக்கும்போதே மாமா அதை மலைக்கு வரும் ஒரு குடும்பத்திடம் கொடுத்துவிட்டிருந்தார். அந்த ஆள் உன் போனுக்குக் கூப்பிட்டு, கோயில் குளத்துப் பக்கம் நிற்கிறேன் என்றார். மாமா அனுப்பிய அந்த ஆளின் போட்டோ உன் போனில் இருந்தது. சுருட்டை முடி, தடித்த மீசை, ரொம்பச் சுலபம் என்று போய்விட்டேன். மொட்டை போடும் முன்பே ஆளைப் பிடித்துவிட வேண்டும், அப்புறம் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்பது நீ அடிபட்டுக் கற்ற பாடம். எனக்கு அது குளத்தருகே போய் நின்ற பிறகுதான் நினைவுக்கு வந்தது. எங்கே பார்த்தாலும் சந்தனம் பூசிய மண்டை. போனில் கூப்பிட்டால் சிக்னல் இல்லை. மூன்று பேரிடம் டப்பா கேட்டேன். ஒருவர் நான் ஏதோ நன்கொடை கேட்கிறேன் என்று நினைத்து மனைவியின் பின்னால் ஒளிந்துகொண்டார்.

வேறு வழி தெரியவில்லை. படிக்கட்டில் ஏறி நின்று, “ஏகாம்பரம்! ஏகாம்பரம்! ஏகாம்பரம்!” என்று கத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், “புத்தூர், நகரி, புத்தூர், நகரி” என்று நீ கூவுவாயே, அதே ராகம்தான் வந்தது. மூட்டையோடு நின்ற ஒரு பெரியம்மா ஓடி வந்து, “ஏகாம்பரம் போத்துந்தாம்மா?” என்று, பஸ் அந்த ஊருக்குப் போகுமா என்பதுபோல் கேட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர் வரிசை கட்டினார்கள். கடைசியில் பளபளவென்று ஒரு மண்டை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து டப்பாவை நீட்டியது. அந்தப் பெரியம்மாவை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டு வர எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்று சாயங்காலம் மாமா போன் செய்தபோது நான் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் மாவு. ஸ்பீக்கரில் போட்டு மேசை ஓரத்தில் வைத்தேன். அம்மா எதிரே சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“டப்பா வந்துச்சா பாப்பா?”

“வந்துச்சு மாமா.”

“அப்ப பழசக் கலச்சு அனுப்பிடு. அது பக்கத்து வூட்டம்மாளுது, கேட்டுகினே கீறா. அவன் எங்க முடிச்சிருக்கப் போறான், வானத்த அப்டியே வுட்ருப்பான். சோம்பேறிப் பய.”

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது.

“இன்னாண்ணா சொன்ன? யாரு சோம்பேறி?” அம்மா போனைக் கையில் எடுத்துவிட்டாள். “ஆயுசு பூரா நீ சீட்ல குந்திகினு ஓட்டின. அவரு நின்னுகினே வந்தாரு. குந்திகினு போனவங்க நின்னுகினு வந்தவரப் பாத்து சோம்பேறின்றதா? அவரு வானத்த வுட்டாரா? உசுரு வுட்டுச்சு, அதால வானம் நின்னுச்சு. இல்லன்னா முடிச்சிருப்பாரு!”

“நான் ஒண்ணும் தப்பா சொல்லல தங்கச்சி...”

“நீ சொன்னத நான் கேட்டேன். காது நல்லாத்தான் கீது. எவ அந்த வூட்டம்மா? அவளுக்கு ரொம்ப அவசரம்னா இங்க வந்து மொட்ட அடிச்சிகினு வாங்கிகினு போவச் சொல்லு!”

போனை வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, “சப்பாத்திக்கு இன்னா பண்ற? அந்தச் சொத்தக் கத்திரிக்காயா? அவன் வண்டி நாளைக்கு வரட்டும்” என்றாள். நான் மாவுக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். புடவை வீணாய்ப் போச்சு என்று அதற்கும் திட்டினாள். நைனா, மாமா தெரியாமல் அப்படிச் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா? அவரோடு அத்தனை வருஷம் ஒரே பஸ்ஸில் போனவன் நீ. உனக்குத்தான் தெரியும்.

மறுநாளே அம்மா வானத்தில் கை வைத்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “எல்லாம் ஒரே நீலமா கீது, கர்மம்” என்று முணுமுணுத்தபடி கோத்தாள். தினமும் சாயங்காலம் மாமா போன் செய்து, “இன்னா தங்கச்சி, எவ்ளோ ஆச்சு?” என்பார். இவள் எகிறுவாள். வெயில், பனி, சாம்பாரில் வெங்காயம், அவர் மருமகள் சமையல் என்று சண்டைக்குப் பஞ்சமே இல்லை. இவள் இரண்டு வேளையும் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

ஆனால் வானம் ஒரு இடத்தில் வந்து நின்றது. நீ கோத்து வைத்த மேல் மூலையோடு அம்மாவின் பக்கம் சேரவே மாட்டேன் என்றது. என்னைக் கூப்பிட்டாள். பொருந்தாததைக் கண்டுபிடிப்பதற்குத்தானே கம்பெனியில் எனக்குச் சம்பளம்? குனிந்து பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஏன் நைனா, இப்படியுமா செய்வாய்? சேராத துண்டுகளை நெயில் கட்டரால் ஓரம் வெட்டி, கட்டைவிரலால் அமுக்கிப் பொருத்தி வைத்திருக்கிறாயே!

மூன்று நான்கு துண்டு அப்படி. அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதில் உன் நெயில் கட்டர் கடித்த அரைவட்டம் தெரிந்தது. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. “திருட்டு... திருட்டு மன்சன்” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே மேசையில் தலையை வைத்து அழுதாள். நீ போனதில் இருந்து அன்றுதான் அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எத்தனை நாளாகத் தேங்கியிருந்ததோ, நன்றாக அழுதோம்.

முகம் கழுவிக்கொண்டு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “அந்த டிரைவருக்குத் தெரிஞ்சா இன்னா ஆவறது?” என்பதுதான். உன் மானம் டொராண்டோவில் கப்பலேறக் கூடாதாம். கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கத்தரித்து, மைதா பசை காய்ச்சி, வெட்டுப்பட்ட இடத்தில் எல்லாம் ஒட்டுப் போட்டாள். நிறத்துக்கு வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம். கொஞ்சம் தூக்கலாகத்தான் விழுந்தது. “மேகம் வர்ற மாதிரி கீது, வுடு” என்றாள். துண்டுகளைச் சரியான இடத்தில் வைத்ததும் வானம் முழுசாகச் சேர்ந்துவிட்டது.

டப்பாவை யாரிடம் கொடுத்தனுப்புவது என்று கேட்க, கம்பெனி பஸ்ஸில் இருந்து மாமாவுக்கு நான் போன் செய்தேன். கொண்டு வந்தவரே சித்தூரில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார், போகும்போது வாங்கிக்கொள்வார் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“பாப்பா, ஒண்ணு சொல்றேன், தங்கச்சிக்குச் சொல்ல வேணாம். அதுல ரெண்டு மூணு துண்டு வெட்டியிருக்கும். உங்க நைனா அனுப்பின டப்பா ஒண்ணாவது வெட்டாம வந்ததில்ல.”

“ஏன் மாமா ஒரு வார்த்த கேக்கல?”

“கேட்டா வெக்கப்பட்டு ஆட்டத்தயே நிறுத்திடுவான். அவன் நிறுத்திட்டா எனக்கு இங்க பேச யாரு கீறா? நீ அந்த வெட்ட மட்டும் உங்கம்மா கண்ல காட்டாத. அவ புருசன் பெரிய ஆளுன்னு நம்பிகினு கீறா, நம்பட்டும்.”

சூளூர்பேட்டைக்காரப் பெண் பக்கத்து சீட்டில் இருந்தாள். என்ன ஆச்சு அக்கா என்று கேட்டாள். கண்ணில் தூசி என்று சொன்னேன்.

போன வாரம் டப்பா போய்ச் சேர்ந்தது. மாமா வானத்தை முதலில் கோத்து முடித்துவிட்டு வீடியோவில் வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் மேசை தெரிந்தது. வெளிறிய வானத்தின் மூலையில் நம் வீட்டுச் சொட்டு நீலம் பளிச்சென்று தெரிந்தது. மாமா திரும்பி அதைப் பார்த்தார். அம்மாவும் அதைத்தான் பார்த்தாள்.

“ஒரு துண்டு கூடப் பழுதில்ல தங்கச்சி. சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் வெச்சிகினு இருந்திருக்கான்.”

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “பின்ன? அவரு எதையாவது அரகொறயா செய்ற மன்சனா?”

அப்புறம் மாமா, “இன்னா துன்ன?” என்று கேட்டார்.

நைனா, அம்மாவுக்குத் தெரியும் என்பதை மாமாவிடமோ, மாமாவுக்குத் தெரியும் என்பதை அம்மாவிடமோ நான் என் உயிர் இருக்கும்வரை சொல்லமாட்டேன். இருவரும் தெலுங்கு மீடியத்தில் படித்தவர்கள். அந்தத் தைரியத்தில்தான் இதைத் தமிழில், நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் யாரும் அவர்களுக்குப் படித்துக் காட்டாமல் இருந்தால் போதும். உன் கௌரவத்தை இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று தாங்குகிறார்கள், நீ கவலைப்படாதே.

நடுவில் நின்று, ஒன்றும் தெரியாதவள்போல் சப்பாத்தி தேய்க்கும்
உன் மகள்,
கவிதா