நான் கட்டித் தீர்த்த கடனைத் தள்ளுபடிப் பட்டியலிலிருந்து நீக்கக் கோரி

அனுப்புநர்
சைக்கிள் ஸ்டாண்டு குத்தகைதாரர்,
ரயில் நிலையக் கிழக்கு வாசல்.

பெறுநர்
உயர்திரு மண்டல மேலாளர் அவர்கள்,
கூட்டுறவு வங்கி மண்டல அலுவலகம்,
இரண்டாம் மாடி.

பொருள்: தனிநபர் கடன் கணக்கு எண் 2218 – முப்பத்தாறு தவணையும் செலுத்தியிருக்க, நான்கு தவணை தள்ளுபடி என்று சான்றிதழ் வழங்கியது – திருத்தக் கோருதல் – தொகையைத் திருப்பி அனுப்புதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பதினோரு ஆண்டுகளாக மேற்கண்ட இடத்தில் சைக்கிள் ஸ்டாண்டு நடத்தி வருகிறேன். நாளொன்றுக்கு இருநூறு சைக்கிளும் எண்பது ஸ்கூட்டரும் நிற்கும். இன்றுவரை ஒரு வண்டி தொலைந்ததில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். மனுவில் பெருமை பேசக் கூடாது என்று விதி இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. மூன்றேகால் ஆண்டுக்கு முன் எனக்கு ஒரு திருமணம் நிச்சயமாகி, பன்னிரண்டு நாள் இருக்கையில் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறிவிட்டார்கள். காரணம் இந்த மனுவுக்குத் தேவையில்லை. அதற்குள் மண்டபம், துணிமணி, சமையல்காரர் முன்பணம் என்று எல்லாவற்றுக்கும் எங்கள் கிளையில் கடன் வாங்கிச் செலவழித்திருந்தேன். மாப்பிள்ளை போய்விட்டார், கடன் என்னிடமே இருந்தது. பார்ப்பவர்கள் எல்லாரும் "பாவம்" என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது என்பதைத் தாங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். இந்த மனுவின் வேரே அதில்தான் இருக்கிறது.

3. கடனை அடைக்க நான் வகுத்த முறை இது. மாதச் சீட்டு எடுத்து வண்டி நிறுத்துபவர்களின் பணம் வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும். அன்றாடம் வரும் சைக்கிள் காசு நீல டப்பாவில், அது கடனுக்கு. ஸ்கூட்டர் காசு வெள்ளை டப்பாவில். அது என்றைக்காவது நடக்கும் என் திருமணத்துக்கு. நடக்காத கல்யாணத்துக்குக் கடன் கட்டிக்கொண்டே நடக்கப்போகும் கல்யாணத்துக்குச் சேர்த்தவள் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்கு ஒரு காசுகூட மாற்றியதில்லை.

4. கடன் கட்டத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் ஒரு பம்ப் மெக்கானிக் தினமும் சைக்கிள் நிறுத்த வந்தார். ஸ்டாண்டில் எல்லாருக்கும் டோக்கன் எண்தான் பெயர், அவர் நாற்பத்தேழு. வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு அவருக்கும் எனக்கும் திருமணம். நிச்சயமான பிறகும் அவர் ஒரு நாள்கூடக் கட்டணம் கொடுக்காமல் போனதில்லை, நானும் வாங்காமல் விட்டதில்லை. அவர் சைக்கிள்காரர் என்பதால் அவர் காசும் பழைய கல்யாணக் கடனுக்கே போயிருக்கிறது. தயங்கித் தயங்கி இதைச் சொன்னபோது, "அப்ப அந்தக் கடனை அடைச்சதுல எனக்கும் பங்கு இருக்குல்ல" என்று சிரித்தார். கடன் முழுவதும் தீர்ந்த பிறகே திருமணம் என்று நான் வைத்த நிபந்தனைக்கும் அவர் மறுப்புச் சொல்லவில்லை.

5. என் தொழிலில் நோட்டு குறைவு, நாணயம் அதிகம். ஆகவே ஒவ்வொரு மாதமும் முதல் வேலை நாளில் இரண்டு துணிப்பை நிறைய நாணயம் சுமந்து கிளைக்குச் செல்வேன். "இன்னைக்கு என் சாப்பாட்டு நேரம் போச்சு" என்பார் காசாளர். அவருக்குச் சிரமம் வேண்டாம் என்று ஐம்பது ஐம்பதாகத் தாளில் சுருட்டி, மேலே எண்ணிக்கை எழுதிக் கொண்டுபோகத் தொடங்கினேன். மொத்தத்தில் ஒரே ஒருமுறை இரண்டு நாணயம் குறைந்தது. மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன், ரசீது உள்ளது.

6. முப்பத்தாறாவது தவணையைக் கட்டிய அன்று காசாளர் சில தாள்களை நீட்டினார். கடன் தீர்ந்த சந்தோஷத்தில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்க்காதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். இருநூறு சைக்கிளின் பூட்டை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பவள், அன்று ஒரு தாளைப் பார்க்கவில்லை.

7. அவற்றில் ஒன்று நலிந்தோர் கடன் தள்ளுபடி விண்ணப்பம். கிளையிலிருந்து அன்று மாலைக்குள் இருபது பெயர் அனுப்ப வேண்டியிருந்ததாம், பத்தொன்பதுதான் தேறியதாம். சென்ற வாரம் எனக்கு வந்த சான்றிதழில், "கடனாளியின் வறிய நிலையைக் கருதி இறுதி நான்கு தவணைகள் தள்ளுபடி செய்யப்பட்டுக் கணக்கு முடிக்கப்பட்டது" என்று இருக்கிறது. நான் கட்டிய அந்த நான்கு தவணையும் என் சேமிப்புக் கணக்கில் திரும்ப வரவு வைக்கப்பட்டுள்ளது. பயனாளிகள் பட்டியலைக் கிளை வாசலிலும் ஒட்டியிருக்கிறார்கள். மறுநாள் காலை டோக்கன் நூற்றுப்பன்னிரண்டு அம்மா, வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஒரு நாணயம் வைத்து, "நீயே வச்சுக்கோம்மா, பாவம்" என்றார். அந்த நாணயத்தை அவர் சைக்கிள் கூடையிலேயே போட்டுவிட்டேன்.

8. காசாளரைக் கேட்டேன். "சில்லறை சில்லறையா கட்டுறியே, கல்யாணச் செலவுக்கு ஆகட்டும்னு போட்டேன்மா. நல்லதுதானே செஞ்சேன்" என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அவர் மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவர் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம். மூன்று ஆண்டு என் காசை எண்ணியவர். கிளை மேலாளரோ, "குடுத்த பணத்தை வேணாங்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன். திருப்பி வாங்க எங்ககிட்ட ஃபாரமே இல்லையேம்மா" என்றார். அதனால்தான் தங்களிடம் வருகிறேன்.

9. அந்தப் பணம் எனக்குத் தேவைப்படவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மண்டபத்துக்குக் கட்ட வேண்டிய மீதி ஏறக்குறைய அதே தொகை. "வீடு தேடி வந்த காசை யாராவது தள்ளுவாங்களா" என்று என் தாயார் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. நாற்பத்தேழிடம் கேட்டேன். அவர், "மண்டபம் ஒரு நாளைக்கு. அந்தச் சர்டிபிகேட் எப்பவும் நம்ம வீட்டுல இருக்கும். உனக்கு எது உறுத்தும்னு பாத்துக்கோ" என்றார். எனக்குச் சான்றிதழ்தான் உறுத்துகிறது. மண்டபத்தை விட்டுவிட்டோம்.

10. எனவே நான் வேண்டுவது: தள்ளுபடிப் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்க வேண்டும். அந்த இடத்தை உண்மையிலேயே கட்ட முடியாமல் தவிக்கும் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். "முப்பத்தாறு தவணையும் கடனாளியால் முழுமையாகச் செலுத்தப்பட்டது" என்று புதுச் சான்றிதழ் வழங்க வேண்டும். நான்கு தவணைத் தொகையை வரைவோலையாக இத்துடன் இணைத்துள்ளேன். முப்பத்தாறு ரசீதுகளின் நகலும், அந்த இரண்டு நாணய ரசீதும் உள்ளன.

11. திருமணம் ஸ்டாண்டிலேயே நடக்கிறது. தகரக் கூரையின் ஓட்டைகளை நாற்பத்தேழு அடைத்து வருகிறார். சான்றிதழ் அதற்குமுன் கிடைத்தால், வருகிறவர்கள் கண்ணில் படும்படி டோக்கன் பலகைக்கு மேலே மாட்டுவேன். தாங்களும் குடும்பத்துடன் வர வேண்டும். அன்று மட்டும் வண்டி நிறுத்த யாரிடமும் கட்டணம் வாங்கப்போவதில்லை. அதைத் தயவுசெய்து தள்ளுபடி என்று எங்கும் எழுதிவிட வேண்டாம்.

தங்கள் நல்ல பதிலை எதிர்பார்த்து,

கடன் பாக்கி ஏதும் இல்லாத,
சைக்கிள் ஸ்டாண்டு குத்தகைதாரர்
(கையொப்பம் – இம்முறை முழுவதும் படித்த பின் இட்டது)

இடம்: ரயில் நிலையக் கிழக்கு வாசல்
தேதி: மே 9